ஜப்பான் படங்களுக்கு நடந்த ஆயுத பூஜை

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில், கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு டீ-சர்ட் வந்திறங்கியது. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டுக்கட்டாக வரும், எல்லோருக்கும் அளவு மாறிப் போயிருக்கும். எனக்கு வாய்ப்பது எப்போதும் என்னோடு இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம் என்கிற அளவு. சங்க அறையில் மூட்டையைப் பிரித்ததும் குப்பென்று ஒரு நெடி கிளம்பியது பாருங்கள், மண்ணெண்ணெயும் புது ரப்பரும் கலந்த மாதிரி. ஸ்கிரீன் பிரிண்டிங் மையின் வாசனை. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ டீ-சர்ட்டை முகத்தோடு வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். "ஆன்ட்டி, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை கண்ணு. பொம்மசந்திரா வரைக்கும் போய்விட்டு வந்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கேதான் எனக்கு வேலை. ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர்ந்து நடத்திய ஒரு தொழிற்சாலை. நான் டைப்பிஸ்ட். காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச் வாசலில் கம்பெனி பஸ் ஏறினால், ஓசூர் ரோட்டுத் தூசியெல்லாம் தின்று முடித்தபிறகு ஆபீஸ் வரும். அந்தக் காலத்து பெங்களூரில் டிசம்பர் பிறந்தால் ஒரு வியாதி பிடிக்கும். காலண்டர் வியாதி. யாரிடம் வெளிநாட்டுக் காலண்டர் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே அலைவோம். ஜப்பானிலிருந்து வரும் காலண்டர் என்றால் கேட்கவே வேண்டாம், வழவழவென்று மலையும் பூவுமாக இருக்கும். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகவே கொடுத்துவிடலாம்.

எங்கள் தலைமை இன்ஜினியர் ஹயாஷியிடம்தான் எல்லாரும் போய் நின்றார்கள். ஒல்லியாக, காதோரம் நரைத்த மனிதர். ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் சம அளவில் வராது, அதனால் நன்றாகப் பேசிக்கொள்வோம். நான் புதுசு, கூச்சப்பட்டு நின்று, என் முறை வந்தபோது காலண்டர் தீர்ந்துவிட்டது. மனிதருக்கு என் முகத்தைப் பார்த்து என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரைக் கழற்றி, சுருட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பழம் போல ஒன்று. எங்கள் வீட்டில் தினம் ஒரு பைபிள் வசனம் போட்ட காலண்டரைத் தவிர வேறெதுவும் சுவரில் ஏறாது. அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதி எங்கடி?" என்றாள். எனக்கும் அதே வருத்தம்தான்.

சுருட்டி வைக்கப் போனபோது விரல் பட்டது. அந்தப் பழம் காகிதத்துக்கு மேலே மெல்லிய தோல் மாதிரி எழும்பி நின்றது. முகர்ந்தால் மை வாசனை. மறுநாள் ஹயாஷியிடம் கேட்டேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக, ரப்பர் பட்டையால் மையை இழுத்து அச்சடிப்பார்களாம். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே வேலைதான், ஆனால் அங்கே ஓவியரே நின்று அடிக்கிறார். ஹயாஷியின் தங்கை ஏதோ ஒரு சின்ன நாடகக் குழுவில் இருந்தாள். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஓவிய நண்பர்கள் இப்படிக் கொஞ்சமே கொஞ்சம் அடித்து, சுற்றியுள்ள தெருக்களில் ஒட்டுவார்களாம். நாடகம் முடிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார்களாம். ஒட்டாமல் மிஞ்சியதைத் தேடி ஜப்பானிலேயே ஆட்கள் அலைகிறார்கள் என்று அவர் சொன்னபோது, என் டிரங்குப் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலண்டர் கிடைக்காமல் போனதற்கு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அதன்பின் என் பிழைப்பே பண்டமாற்றாகிவிட்டது. இங்கிருந்து சந்தன சோப்பும் காபிப் பொடியும் போகும், அங்கிருந்து வருகிற இன்ஜினியர் யாராவது தோளில் கதாயுதம் போல ஒரு அட்டைக்குழாயைச் சுமந்து வந்து இறங்குவார். ஹயாஷி ஊர் திரும்பிய பிறகும் அவர் தங்கை தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரு பெரிய காது மட்டும் போட்ட படம் ஒன்று வந்தது. காகிதத்தை அடைத்துக்கொண்டு ஒரே காது, அதன் மடலில் ஊதா நிறத்தில் ஒரு எறும்பு. இன்னொன்றில் கறுப்புக்குள்ளே வெள்ளி மையில் மழை. நேராகப் பார்த்தால் வெறும் இருட்டு, சாய்த்துப் பிடித்தால் சோவென்று கொட்டும். அந்த மழைப் படம்தான் என் உயிர். தொழிற்சாலையில் தரும் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்ளாமல் அதைத் தொடமாட்டேன். பவுடர்கூட அன்றைக்குப் போடமாட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதல் வேறு வந்தது. அதே கம்பெனி பஸ்ஸில் ஜோகுபாளையம் நிறுத்தத்தில் ஏறுகிற சேகர். ஒருநாள் பஸ் கூட்டத்தில் என் குழாயை வாங்கித் தன் மடியில் படுக்கவைத்து, பிள்ளையைப் போல வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்து தந்தான். அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? நான் கிறிஸ்தவச்சி, அவன் முருகனுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளை. என் அப்பா குதித்தார், பிறகு அடங்கினார். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம்.

சேகரின் அப்பா குதிக்கவில்லை. அதுதான் கஷ்டம். சர்க்கார் பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர். திட்டவும் இல்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். மாமனார் மருமகளிடம் அதிகம் பேசாத வீடுகள் உண்டு, தெரியும். இவரோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சேகரிடம் சொல்வார். சேகர் இல்லையென்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். "காப்பி கெடைக்குமான்னு கேளு" என்பார். வீட்டில் நானும் அவரும் கடிகாரமும் மட்டும் இருப்போம். நானும் காபியைக் கொண்டுபோய்க் கடிகாரத்துக்குக் கீழே வைத்துவிட்டு வருவேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். நான் அந்த வீட்டு மனுஷிதானா, விருந்தாளியா, இல்லை வழிதவறி வந்தவளா என்று எனக்கே பிடிபடவில்லை.

நான் கொண்டுவந்த சீர் என்று சொன்னால் அந்தக் குழாய்கள்தான். கட்டிலுக்கடியில் வரிசையாகக் கிடந்தன. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வூடா, கொழாக் கடையா?" என்று கடிகாரத்தை விசாரித்தார். கையுறையோடு நான் படத்தைப் பிரிப்பதைப் பார்த்த அன்று, "ஆப்பரேசன் நடக்குதாட்டம் கீது" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். டிப்போக்காரர், உபயோகமில்லாத எதையும் வீட்டில் விடமாட்டார். பழைய பேப்பர்காரர் தெருவுக்கு வருகிற நேரமானால் எனக்குப் பொம்மசந்திராவில் டைப் தப்பும். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து கட்டிலுக்கடியில் பார்ப்பேன்.

இப்படி இரண்டு வருஷம் போனபிறகு நந்தினி வந்தாள். கன்னிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஓவியக் கூடம் நடத்திக்கொண்டிருந்த பெண். நான் போய்க்கொண்டிருந்த ஜப்பானிய மொழி வகுப்பில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த ஊரில் யாரும் இப்படிச் சேர்த்து வைத்ததில்லை, நாம் ஒரு கண்காட்சி நடத்தலாம், உன் பெயரைச் சுவரில் பெரிதாக எழுதலாம் என்றாள். டைப் அடிக்கிற கடிதங்களின் அடியில் மூலையில் இரண்டு எழுத்தாக மட்டுமே என் பெயர் வந்த காலம் அது. சம்மதித்தேன் என்றா சொல்வது, காலில் விழாத குறை. ஒன்று மட்டும் கறாராகச் சொன்னாள். ஒரு கறை, ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. விஜயதசமிக்கு மறுநாள் வந்து எடுத்துப் போகிறேன், அதற்குள் சுருட்டலை நிமிர்த்தி வை.

வருஷக்கணக்கில் சுருண்டு கிடந்த காகிதம் லேசில் நிமிராது. அகலமான இடத்தில் விரித்து, மேலே துணி போட்டு, பாரம் வைத்து ஒரு வாரமாவது விட வேண்டும். வீட்டில் அவ்வளவு பெரிய இடம் மாமாவின் மரக் கட்டில் ஒன்றுதான். சேகர் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர், "நான் கீழ படுத்துக்கறேன்னு சொல்லு" என்றார். பாயைத் தானே எடுத்து விரித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, நான் துணியை விலக்கிப் படங்களைச் சரிபார்க்கும்போது, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். ஒருநாள் மழைப் படத்தைச் சாய்த்துப் பிடித்தபோது பேப்பர் கீழே இறங்கியது. நான் பார்க்கவும் மறுபடி ஏறிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் புது வண்டி வாங்கினால் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவார், அதோடு சரி. மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பொட்டு வைக்கிற சங்கதியெல்லாம் நான் ஜோகுபாளையத்தில் வந்து பார்த்ததுதான். மாமாவோ டிப்போவில் எத்தனையோ பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிப் பொட்டு வைத்த கை. வீட்டில் அன்றைக்கு அவர் ராஜ்ஜியம். வெட்டுக்கத்தியிலிருந்து தையல் மிஷின்வரை எல்லாம் குளித்துவிட்டு வரிசையில் நிற்கும். முந்தின வருஷங்களிலும் அப்படித்தான். அப்போதெல்லாம் என் குழாய்கள் இருந்த பக்கம்கூட அவர் போகவில்லை. அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் பூஜை. என் டைப்ரைட்டருக்கு யாரோ வைத்த பொட்டைத் துடைத்துவிட்டு, பொரியும் இனிப்பும் வாங்கிக்கொண்டு மத்தியானம் நானும் சேகரும் வீடு திரும்பினோம்.

வாசலில் ஸ்கூட்டர் மாலையோடு நின்றது. உள்ளே ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு, டெலிபோனுக்குப் பொட்டு. கடிகாரத்துக்கும்தான். பிறகு கட்டிலைப் பார்த்தேன். மேல்துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. படங்கள் வரிசையாகப் பரப்பப்பட்டு, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், பக்கத்தில் ஒரு சாமந்திப் பூ. பழத்துக்கு உச்சியில். காதுக்கு மடலில், எறும்புக்குப் பக்கத்தில். மழைப் படத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நட்டநடுவில் வைத்திருந்தார். ஈரச் சந்தனம் காகிதத்தை இழுத்துச் சுருக்கியிருந்தது. குங்குமச் சாயம் வெள்ளி மைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சேகர் வாயைத் திறந்தான். அதற்குள் மாமா கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உன் சாமானுக்கும் வச்சிட்டேம்மா. நம்ம வூட்டுப் பொருளு ஒண்ணுகூட உட்டுப் போவக் கூடாது."

இரண்டு வருஷமாக நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது அந்த வாயிலிருந்து வந்துவிட்டது. எதை இரண்டு கையாலும் பொத்திக் காத்தேனோ அது அந்தக் கையாலேயே போய்விட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதற்காக என்று கேட்டால் சத்தியமாக இரண்டுக்கும்தான். சேகர் கையை அழுத்திப் பிடித்து, பேசாதே என்று கண்ணால் சொன்னேன். எங்கள் சர்ச்சில் தெரிந்தால் என்ன ஆகுமோ, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சரிங்க மாமா" என்றேன். அவரை நான் மாமா என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். அவர் தலையாட்டிவிட்டு, நான் அழுவது பக்தியினால் என்று நினைத்துக்கொண்டு தேங்காய் உடைக்கப் போனார்.

பஞ்சால் பொட்டை ஒற்றிப் பார்த்தேன். கறை இன்னும் அகலமானதுதான் மிச்சம். சொன்னபடி நந்தினி வந்தாள், பார்த்தாள், வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று என் காதோடு சொல்லிவிட்டு, மாமா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண், அவர்மேல் ஒரு வார்த்தை விடவில்லை.

ஆனால் மாமா விடுவாரா? டிப்போ சிநேகிதர்கள் அத்தனை பேரிடமும் கண்காட்சியைச் சொல்லிவைத்திருந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கியது. எப்போ, எப்போ என்று கேட்டுக்கொண்டே இருந்தார், என்னிடமே நேராக. கடைசியில், அவர்கள் இடத்தில் கூரை ஒழுகுகிறதாம் மாமா, நடக்காது போலிருக்கிறது என்று புளுகினேன். அவருக்கு வந்ததே கோபம். பொண்ணுக்கு ஆசை காட்டிவிட்டுப் பேஜார் பண்றாங்க என்று நந்தினியின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நைலான் கயிற்றோடு வந்தார். கூடத்தின் குறுக்கே நாலு வரிசை கட்டினார். துணி காயப்போடும் கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டார். கிளிப் கடித்த இடமெல்லாம் பல் பதிந்தது. போனது போயிற்று, ஜாண் என்ன முழம் என்ன என்று நானே கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். தெருப் பெண்கள் வந்தார்கள். படத்தில் பொட்டைப் பார்த்ததும் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு கண்டக்டர் காதுப் படத்தின் முன்னால் நின்று பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா வெள்ளைச் சட்டையில் முன்னே நடந்து விளக்கம் சொன்னார். மழைப் படத்தைக் கிளிப்போடு சாய்த்துப் பிடித்து, "இப்பப் பாரு, பேயும்" என்றார். எல்லாரும் தலையைச் சாய்த்தார்கள். ஒரு அம்மாள் பழத்தைக் காட்டி, இது எந்தச் சாமிங்க என்று கேட்டாள்.

"சாமி இல்லம்மா," என்றார் மாமா. "இது எங்க மருமவளுது. ஜப்பான்லருந்து வந்து சேந்தது."

நான் காபி ஆற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். சுவரில் என் பெயர் எழுதவில்லைதான். ஆனால் அன்றைக்கு ஜோகுபாளையத்தில் என்னைத் தெரியாதவர்கள் பாக்கி இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று வேலை முடிந்து வந்தேன். படங்கள் குழாய்க்குள்ளேயே இருந்தன. குழாய்களின் மூடிமேல் வரிசையாகப் பொட்டு. மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பொட்டினால்தான் கண்காட்சி நின்றது என்று சேகர் எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறான்.

"உள்ள வெக்கக் கூடாதாமே," என்றார். "அதான் மூடி மேல வச்சேன்." சந்தனக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்றார்.

"அன்னிக்குத்தானே மாமா நீங்க எங்கூடப் பேசுனீங்க."

அவர் எழுந்து போய், ஏற்கனவே கழுவி மாலை போட்டிருந்த ஸ்கூட்டரைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

பொம்மசந்திராவில் அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. ஹயாஷியின் தங்கையிடமிருந்து குழாய் வருவது ஒரு வருஷம் தானாக நின்றது. நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஜோகுபாளையத்து வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். மாமாவும் போய்விட்டார். அவர் போனபிறகு வந்த முதல் ஆயுத பூஜைக்கு எல்லாப் படங்களையும் குழாயிலிருந்து எடுத்து நானே கட்டிலில் விரித்து வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சேகர் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தான். கட்டிலருகே வந்ததும், "இதுக்கு வேணாம், கெட்டுப் போயிடும்" என்று ஜாக்கிரதையாகத் தாண்டிப் போனான். அவன் சொன்னது சரிதான். மாமா வைத்த அந்தப் பொட்டுக்கு அப்புறம் வந்த படங்களில் ஒரு கறை கிடையாது, ஒரு மடிப்பு கிடையாது. எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தெரியாமல் வந்து கை வைக்க இப்போது வீட்டில் யாரும் இல்லை.